பிக்கப் கேம்பருக்குக் கரண்டு எங்கிருந்து? நான்கு வழிகள், ஒரு டெயில்கேட்

"ஹைலக்ஸ் வாங்கியாச்சு, பின்தட்டுக்கு மேலே கேனோபிக் கூடும் போட்டாச்சு, மெத்தையும் தயார். ஃபிரிட்ஜுக்கும் ஃபேனுக்கும் கரண்டு எப்படிண்ணே எடுக்கிறது?" மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம் பிக்கப் வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். ஒரு கடையில் ரிலே போதும் என்கிறார்கள். அடுத்த கடையில் லித்தியம் இல்லாமல் பேச்சே இல்லை என்கிறார்கள். மச்சான் ஒருத்தர் பெட்டி மாதிரி ஒரு பவர் ஸ்டேஷனைத் தூக்கிக்கொண்டு வந்து, இது இருக்கும்போது வயரிங் எதற்கு என்று கேட்கிறார். மூன்று பேர் சொல்வதும் ஓரளவு சரிதான். அதனால்தான் குழப்பமும் தீர மாட்டேன் என்கிறது.

எல்லோரும் பேட்டரியின் அளவிலிருந்து பேச்சைத் தொடங்குகிறார்கள். நான் கேட்பது வேறு. வண்டி எத்தனை மணி நேரம் ஓடும், எத்தனை மணி நேரம் நிற்கும்? இங்கிருந்து கேமரன் மலைக்கோ கெரிக் வழியாகத் தெமெங்கோர் பக்கமோ போனால் இரண்டு மணி நேரம் போல ஓட்டுவோம். போய்ச் சேர்ந்ததும் இரண்டு நாள் வண்டி அசையாது. ஆஸ்திரேலியாக்காரர் வீடியோவில் காட்டுகிற வண்டி தினமும் ஐந்தாறு மணி நேரம் ஓடுகிறது. அவருக்குச் சரியாக இருப்பது நமக்கும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

முதலில் ஒரு நாள் செலவைக் கணக்கிடுங்கள். நம் வெயிலில், நாற்பது லிட்டர் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ், ஒரு ஃபேன் வைத்துப் படுக்கிற குடும்பத்துக்குக் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும்:

| சாமான் | வாட் | ஒரு நாளில் ஓடுவது | வாட்-மணி |
|---|---|---|---|
| 12 வோல்ட் ஃபிரிட்ஜ் | 50 | பாதி நேரம் | 600 |
| ஃபேன் | 20 | 9 மணி | 180 |
| எல்இடி விளக்கு | 10 | 5 மணி | 50 |
| கைப்பேசிகள் | – | – | 50 |
| மொத்தம் | | | 880 |

12.8 வோல்ட் லித்தியம் பேட்டரியில் 880 வாட்-மணி என்பது ஏறக்குறைய 70 ஆம்பியர்-மணி. வீட்டில் யாராவது இரவில் மூச்சுக் கருவி போட்டுத் தூங்குகிறவர் என்றால், ஈரப்பதம் சேர்க்கும் பகுதியை அணைத்துவிட்டாலும் இன்னொரு 300 வாட்-மணி வரை சேர்த்துக்கொள்ளுங்கள். ரைஸ் குக்கர் அரை மணி நேரம் ஓடினால், பேட்டரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரின் நஷ்டத்தோடு 280 போகும். தண்ணீர் கொதிக்க வைக்கும் 2,000 வாட் கெட்டிலை மட்டும் மறந்துவிடுங்கள். 12 வோல்ட்டில் அது 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். காலையில் பசியாறத் தேநீர் போட ஒரு சின்ன கேஸ் அடுப்பு போதும்.

இரண்டாவதாக, எஞ்சின் ஓடும்போது கரண்டு தயாரிக்கிற ஆல்டர்நேட்டர் உங்கள் வண்டியில் எந்த வகை என்று பாருங்கள். பழைய வண்டிகளில் எஞ்சின் ஓடும்வரை 13.8 முதல் 14.4 வோல்ட் வரை நிலையாக வரும். புதிய வண்டிகள் பலவற்றில் கம்ப்யூட்டர் அதை ஏற்றி இறக்கும். ஸ்டார்ட்டர் பேட்டரி நிரம்பியதும் வோல்ட்டேஜைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்தும். இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, எஞ்சினை அணைக்காமல் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். எண் 12 சொச்சத்துக்கு இறங்கினால் அது ஸ்மார்ட் ஆல்டர்நேட்டர். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் வயர் செருகிய சின்னப் பெட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதுவாகத்தான் இருக்கும். அந்தப் பெட்டி கரண்டை அளக்கிற சென்சார். அந்த வண்டியில் நீங்கள் சேர்க்கும் நெகட்டிவ் வயரைப் பேட்டரி முனையில் பிடிக்கக் கூடாது, சேஸியில் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சென்சாரின் கணக்கு தவறிவிடும்.

மூன்றாவது, வாரநாளில் வண்டிக்கு என்ன வேலை? உர மூட்டையும் புல்வெட்டும் மெஷினும் ஏற்றுகிற வண்டியில் பேட்டரியை நிரந்தரமாகப் பொருத்தினால் இடம் போகும், அடியும் படும். நான்காவது, மழை, செம்மண் புழுதி, எலி. எலியைச் சும்மா சேர்க்கவில்லை. செம்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்த ஆந்தைக்குக் கூடு வைத்து வளர்க்கிறார்கள் என்றால் எலி எவ்வளவு இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்து ஓரத்தில் இரவில் நிற்கிற வண்டியின் வயருக்கு மேலே உறை இல்லாவிட்டால் என்றைக்காவது ஒரு நாள் அது பல்லுக்குப் போகும்.

## முதல் செலவு டெயில்கேட்டுக்கு

கரண்டு பற்றிக் கேட்டால் பின்தட்டுக் கதவான டெயில்கேட் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்க வேண்டாம். வயர் வருவதும் தண்ணீர் வருவதும் திருடன் வருவதும் அந்தப் பக்கம்தான். டெயில்கேட்டை என்ன செய்யப் போகிறீர்கள் என்பது முடிவாகாமல் வயரிங் கடைக்குப் போனால் இரண்டு முறை கூலி கொடுப்பீர்கள்.

இதில் மூன்று வழி உண்டு. கேனோபி போட்டு டெயில்கேட்டை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ரோலர் ஷட்டர் போட்டு, மேலே ராக் வைத்துக் கூரைக் கூடாரம் ஏற்றலாம். அல்லது டெயில்கேட்டைக் கழற்றிவிட்டு, பின்தட்டில் இறக்கி வைக்கிற கேம்பர் பெட்டியை ஏற்றலாம். மூன்றாவது வழியில் ரிவர்ஸ் கேமராவுக்கும் ஒரு வழி பார்க்க வேண்டும். பல வண்டிகளில் கேமரா டெயில்கேட் கைப்பிடியில்தான் இருக்கிறது. கதவைக் கழற்றும்போது அந்த வயரின் பிளக்கைப் பிடுங்கி, முனையை மூடி, கட்டி வைக்க வேண்டும். பின்னால் பெட்டி நீட்டிக்கொண்டிருந்தால் நம்பர் பிளேட்டும் பிரேக் விளக்கும் தெரிகிறதா என்று பாருங்கள். மறைத்துவிட்டால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் சம்மன் நிச்சயம். நம் ஊர்க்காரர்களில் வாரநாளில் வண்டியை வேலைக்கு எடுக்காதவர் குறைவு. அதனால் பெரும்பாலானவர்களுக்குக் கேனோபிதான் ஒத்துவரும். மற்ற இரண்டையும் இதோடு விட்டுவிடுகிறேன்.

கேனோபி போட்ட வண்டியில் டெயில்கேட்டுக்கு வாங்குகிற சாமான்களில் முதலிடம் ரப்பர் சீலுக்கு. வண்டி ஓடும்போது பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. டெயில்கேட்டுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு வழியாகப் புழுதி உள்ளே இழுபடும். தோட்டத்துச் செம்மண் ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு மெத்தையைத் தட்டிப் பார்த்தால் தெரியும். சீல் போட்ட பிறகு இரவில் சோதித்துப் பாருங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து எல்லாக் கதவையும் மூடிக்கொள்ள, இன்னொருவர் வெளியே டார்ச்சை டெயில்கேட்டின் ஓரம் முழுக்க மெதுவாக நகர்த்த வேண்டும். பக்கவாட்டில் வெளிச்சம் வராது. கீழே இரண்டு மூலையில், கீல் இருக்கிற இடத்தில், விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெளிச்சக் கோடு தெரியும். கடையில் விற்கும் சீல் பெரும்பாலும் அந்த மூலையை மூடுவதில்லை. தனியாக ஒரு ரப்பர்த் துண்டை வெட்டி ஒட்ட வேண்டும். டெயில்கேட்டைத் திறந்து மூடும்போது அது சுருண்டுகொள்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பூட்டு. கேனோபிக் கண்ணாடியைப் பூட்டிவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஒரு முறை டெயில்கேட் கைப்பிடியை இழுத்துப் பார்க்கட்டும். பல வண்டிகளில் கண்ணாடி பூட்டியிருந்தாலும் டெயில்கேட் தனியாகத் திறந்துகொள்ளும். உள்ளே ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு (ரிங்கிட்) பேட்டரி வைக்கப் போகிறோம் அல்லவா? சென்ட்ரல் லாக்கோடு சேர்கிற மோட்டார்ப் பூட்டு போடுவதுதான் நல்லது.

கேஸ் அப்சோர்பர் மூன்றாவது. கதவு தடாலென்று விழாமல் மெதுவாக இறங்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதை இரண்டாவது இடத்துக்கே கொண்டு போகலாம். ஆனால் அது இறங்கும் வேகத்தைத்தான் குறைக்கிறது, பாரத்தைத் தாங்குவது இரு பக்கமும் இருக்கிற கம்பிக் கேபிள்கள்தான். அப்சோர்பர் போட்டுவிட்டோம் என்று கேபிளைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஏறி உட்காரக் கூடாது.

டெயில்கேட்டில் பொருத்துகிற மடக்கு மேசை, விளக்குப் பட்டை எல்லாம் அவரவர் ஆசை. விளக்குப் பட்டைக்கு மட்டும் ஒரு வார்த்தை: வண்டியின் பின்விளக்கு வயரைக் கீறி அதிலிருந்து கரண்டு எடுக்காதீர்கள். புதிய வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரியும், பழைய வண்டியில் ஃபியூஸ் போகும். கேம்பர் பேட்டரியிலிருந்து தனி வயர் இழுங்கள். ஓடும்போது கலர் கலராக மின்னுகிற வகையை வாங்கினால் அதற்கும் ஜேபிஜே காத்திருக்கிறது.

டெயில்கேட்டுக்குள் போகிற எந்த வயரும் கீல் பக்கத்தில் வளைந்து வளைந்து நிமிரும். அங்கே கெட்டியான ஒற்றைக் கம்பி வயர் கூடாது. மெல்லிய இழைகள் நிறைந்த வயரை நெளிகுழாய்க்குள் விட்டு, ஒரு கைப்பிடி நீளம் தொங்கல் கொடுத்து, நடுவில் பிளக் வைக்க வேண்டும். கதவைக் கழற்ற வேண்டிய நாளில் அந்தப் பிளக் உங்களை வாழ்த்தும்.

## வழி ஒன்று: ரிலேயும் இரண்டாவது பேட்டரியும்

வோல்ட்டேஜ் பார்த்துத் திறந்து மூடுகிற ரிலே இது. கடையில் விஎஸ்ஆர் என்பார்கள். எஞ்சின் ஓடி வோல்ட்டேஜ் சுமார் 13.3-க்கு ஏறினால் இரண்டு பேட்டரியையும் இணைக்கும், 12.8-க்கு இறங்கினால் பிரித்துவிடும். ஸ்டார்ட்டர் பேட்டரி காலியாகாது, காலையில் வண்டி கிளம்பும். ரிலே, வயர், ஃபியூஸ் எல்லாம் சேர்ந்து சில நூறு வெள்ளியில் முடியும். பேட்டரி தனி. எந்த ஊர் வயரிங் கடையிலும் செய்து கொடுப்பார்கள், கெட்டுப்போனால் நடுரோட்டில் கூடச் சரிபார்க்கலாம். பழைய வகை ஆல்டர்நேட்டர், குறைந்த செலவு, ஃபிரிட்ஜ் இல்லாமல் விளக்கும் ஃபேனும் மட்டும் என்றால் நான் இதைக் குறை சொல்ல மாட்டேன்.

மறைந்திருக்கும் செலவு பேட்டரியில் இருக்கிறது. 100 ஆம்பியர்-மணி ஈய அமிலப் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் சுருங்கும். ஆக உங்களுக்குக் கிடைப்பது 600 வாட்-மணி. மேலே போட்ட கணக்கில் ஒரு நாளுக்குக் கூடப் போதாது. எடை வேறு முப்பது கிலோவுக்குப் பக்கம். அதைவிட மோசம், அது நிரம்புகிற விதம். கடைசி இருபது சதவீதம் ஏற மணிக்கணக்கில் ஆகும், நீங்கள் எவ்வளவு பெரிய ஆல்டர்நேட்டர் வைத்திருந்தாலும் சரி. இரண்டு மணி நேர ஓட்டத்தில் அது முழுதாக நிரம்பாது. அரைகுறையாக நிரம்பி அப்படியே நிற்கிற ஈய பேட்டரியில் சல்பேட் படியும். சில வருடத்தில் புதிது வாங்க வேண்டியதுதான்.

ஸ்மார்ட் ஆல்டர்நேட்டர் வண்டியில் இந்த வழி கைகொடுக்காது. பயணத்தின் நடுவில் வோல்ட்டேஜ் இறங்கியதும் ரிலே பிரிந்துவிடும். நீங்கள் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள், பின்னால் பேட்டரி ஏறாமல் இருக்கும். ரிலே வழியாக லித்தியம் பேட்டரியை நேரடியாக இணைக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். அது உள் தடை குறைவான பேட்டரி. ஆல்டர்நேட்டரால் கொடுக்க முடிந்த எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இழுத்து அதைச் சூடேற்றிவிடும்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. தண்ணீர் ஊற்றுகிற வகைப் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியிடும். மூடிய கேனோபிக்குள், தலைமாட்டில், அதை வைத்துக்கொண்டு படுக்கக் கூடாது. ஏஜிஎம் போன்ற மூடிய வகையாவது வாங்குங்கள்.

## வழி இரண்டு: டிசி-டிசி சார்ஜரும் லித்தியமும்

முன்னாலிருந்து என்ன வோல்ட்டேஜ் வந்தாலும் அதை ஏற்றி, பேட்டரிக்கு வேண்டியபடி, கரண்டுக்கு ஒரு வரம்பு வைத்துக் கொடுப்பதுதான் டிசி-டிசி சார்ஜரின் வேலை. 30 ஆம்பியர் சார்ஜர் என்றால் ஆல்டர்நேட்டர் என்ன வகையானாலும் பின்னால் 30 ஆம்பியர் போகும். இரண்டு மணி நேரம் ஓட்டினால் 60 ஆம்பியர்-மணி. நம் செலவோ 70. கேமரனுக்கு ஒரு முறை போய்ச் சேரும் நேரத்தில் ஒரு நாள் கரண்டில் பெரும்பங்கு ஏறிவிடுகிறது. மார்க்கெட்டுக்குப் போய்வர இருபது நிமிடம் ஓட்டினால் பத்துதான் ஏறும், அதையும் நினைவில் வையுங்கள்.

பேட்டரியில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகைதான் வேண்டும். 100 ஆம்பியர்-மணியில் ஏறக்குறைய 1,280 வாட்-மணி. அதில் எண்பது தொண்ணூறு சதவீதத்தைத் தாராளமாக எடுக்கலாம். எடை பன்னிரண்டு கிலோவுக்குள். அரைகுறையாக நிரம்பி நின்றாலும் அதற்குக் கவலையில்லை. நம் பயணப் பழக்கத்துக்கு இதுவே பெரிய வசதி. பிடிக்காதது சூடு. பல பேட்டரிகள் 45 முதல் 55 டிகிரி வரைதான் சார்ஜ் ஏற்கும். எஞ்சின் பானட்டுக்குள் வைக்கவே கூடாது. டிசி-டிசி சார்ஜரும் சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்குக் காற்றோட்டமான சுவர் வேண்டும்.

இந்த வழியில் ஏமாறுகிற இடம் சார்ஜரோ பேட்டரியோ அல்ல, வயர். எஞ்சின் பேட்டரியிலிருந்து டெயில்கேட் பக்கம்வரை ஆறு மீட்டர் என்று வைப்போம். போகவர பன்னிரண்டு மீட்டர். 30 ஆம்பியர் ஓடும்போது 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 1.05 வோல்ட் தொலைந்துபோகும். 16 சதுர மில்லிமீட்டரில் 0.39 வோல்ட்தான். டிசி-டிசி சார்ஜர் அந்தக் குறையைச் சமாளிக்கும். ஆனால் அதற்காக முன்னாலிருந்து இன்னும் அதிகக் கரண்டு இழுக்கும், வயர் சூடாகும். ரிலே வழியில் அதே ஒரு வோல்ட் போனால் பேட்டரி மிக மெதுவாகத்தான் ஏறும். கடைக்காரர் காட்டும் தடித்த வயரின் முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது பெரும்பாலும் அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியது. கார் ஆம்ப்ளிஃபயர் கிட்டில் வருவது பல சமயம் இதுதான். ஸ்பீக்கருக்கு ஓடட்டும், இதற்கு வேண்டாம். வெள்ளீயம் பூசிய அசல் செம்பு வயரும் வெளியே வெள்ளி நிறமாகத்தான் இருக்கும். அதைச் சுரண்டினால் உள்ளே செம்பு தெரியும்.

ஃபியூஸ் இரண்டு வேண்டும். முன் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஒன்று, பின் பேட்டரிப் பக்கம் ஒன்று. இரு முனையிலும் பேட்டரி இருப்பதால் நடுவில் வயர் எங்கே உரசினாலும் இரு பக்கமிருந்தும் தீ வைக்கக் கரண்டு உண்டு. ஒரு ஃபியூஸோடு நிறுத்துகிற கடைகள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். வயர் சேஸி வழியாக வரட்டும். சைலென்சர் குழாய்க்கு எதிர்ப்பக்கம், நெளிகுழாய்க்குள், முழத்துக்கு ஒரு கிளிப். பின்பக்கப் பம்பரில் 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக் வைத்து, மூடி போட்டுவிட்டால், வாரநாளில் பேட்டரிப் பெட்டியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டு போகலாம்.

சார்ஜர், பேட்டரி, வயர், கூலி எல்லாம் சேர்த்தால் இரண்டாயிரம் வெள்ளியைத் தாண்டும். வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால் வயரிங்கைத் தொடும் முன் விற்ற இடத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ்காரரிடமும் சொல்லிவிடுவது நல்லது.

## வழி மூன்று: பவர் ஸ்டேஷன்

பேட்டரி, இன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாம் ஒரே பெட்டியில். வயரிங் இல்லை, கூலி இல்லை, வாரண்டித் தகராறு இல்லை. வீட்டில் சுவர்ப் பிளக்கில் நிரப்பி எடுத்துப் போகலாம். மழைக்காலத்தில் வீட்டில் கரண்டு போனாலும் அதுவே உதவும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள் விளக்குக்கும் ஸ்பீக்கருக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம். 1,000 வாட்-மணி அளவுக்கு இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் வெள்ளிவரை கேட்கிறார்கள்.

வண்டியிலிருந்து அதை நிரப்புவதில்தான் தகராறு. டாஷ்போர்டில் இருக்கிற 12 வோல்ட் சாக்கெட் பெரும்பாலும் 10 ஆம்பியர், அதாவது 120 வாட்தான் தாங்கும். நஷ்டம் போக 100 என்று வைத்தால் காலியான பெட்டி நிரம்பப் பத்து மணி நேர ஓட்டம் வேண்டும். இரண்டு மணி நேரத்தில் 200 வாட்-மணி. ஃபிரிட்ஜின் ஒரு ராத்திரிக்கே அது சரியாகப் போய்விடும். சாவியை எடுத்தால் அந்தச் சாக்கெட்டும் பல வண்டிகளில் அணைந்துவிடும். பவர் ஸ்டேஷனுக்கென்றே ஆல்டர்நேட்டர் சார்ஜர்கள் விற்கின்றன. அவை வேகமாக நிரப்பும், ஆனால் அதற்கும் எஞ்சினிலிருந்து தடித்த வயர் இழுக்கத்தான் வேண்டும். வயரிங் வேண்டாம் என்றுதானே பெட்டி வாங்கினோம்?

நடுப்பகலில் பூட்டிய கேனோபிக்குள் அது வேகும். சூடு ஏறினால் சார்ஜ் ஏற்க மறுக்கும். திருடனுக்குக் கைப்பிடியோடு கிடைக்கிற சாமானும் இதுதான். ஏதாவது ஒரு பாகம் கெட்டால் மொத்தப் பெட்டியும் சர்வீஸுக்குப் போகும். ஃபிரிட்ஜை அதன் 12 வோல்ட் முனையில் செருகுங்கள். இன்வெர்ட்டரை ஓட்டி வீட்டுப் பிளக் வழியாகக் கொடுத்தால் பத்து பதினைந்து சதவீதம் வீண்.

இத்தனை குறை சொல்லியும், வாரநாள் முழுக்க வண்டியைக் கான்ட்ராக்ட் வேலைக்கு ஓட்டிவிட்டு, எப்போதாவது ஒரு சனி ஞாயிறு லுமுட் கடற்கரைப் பக்கம் போகிறவருக்கு நான் சொல்வது இதைத்தான். வீட்டில் நிரப்பினால் ஒரு இரவு போதும். திரும்பி வந்ததும் இறக்கி வைத்தால் பின்தட்டு மறுபடி உரத்துக்கு.

## வழி நான்கு: சோலார்

கூரையில் 200 வாட் பேனல் போட்டால், நல்ல வெயில் நாளில் 500 வாட்-மணிக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். நம் நாட்டில் முழு வெயிலுக்குச் சமமான நேரம் நாளுக்கு நான்கு ஐந்து மணிதான். பேனல் படுத்த நிலையில் சூடேறுவதால் அதிலும் ஒரு பங்கு போய்விடும். மத்தியானத்துக்கு மேல் இடி மழை வந்தால் பாதிதான். ரப்பர் மரத்தடியில் நிறுத்தினால் பேனல் வெறும் அலங்காரம். நாம் நிழல் தேடி நிறுத்துகிறோம், பேனல் வெயிலைத் தேடுகிறது. இந்தச் சண்டைக்கு ஒரே சமரசம், நீண்ட வயரோடு தரையில் விரித்து வைக்கிற மடக்கு பேனல். அதையும் யாராவது காவல் காக்க வேண்டும்.

ஆகவே தனி வழியாக இதை எடுக்காதீர்கள். இரண்டாவது வழிக்கோ மூன்றாவது வழிக்கோ துணையாகச் சேருங்கள். ஓரிடத்தில் மூன்று நாளுக்கு மேல் தங்குகிறவருக்கு அந்தத் துணை இல்லாமல் தீராது. சோலாருக்கும் வாய் உள்ள டிசி-டிசி சார்ஜர்கள் கிடைக்கின்றன, முதலிலேயே அந்த வகையை வாங்கிவிட்டால் பின்னால் பேனல் மட்டும் சேர்க்கலாம். ஃபைபர் கேனோபியின் கூரை ஓடும்போது எத்தனை கிலோ தாங்கும் என்பதைச் செய்தவரிடம் கேட்காமல் ராக் ஏற்றாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | ரிலே + ஈய பேட்டரி | டிசி-டிசி + லித்தியம் | பவர் ஸ்டேஷன் | சோலார் 200 வாட் |
|---|---|---|---|---|
| பயன்படும் அளவு | 600 வாட்-மணி | 1,000-க்கு மேல் | சுமார் 850–900 | நாளுக்கு 500 போல |
| 2 மணி ஓட்டத்தில் ஏறுவது | பழைய ஆல்டர்நேட்டரில் ஓரளவு | சுமார் 770 | சுமார் 200 | ஓட்டத்தோடு சம்பந்தமில்லை |
| ஸ்மார்ட் ஆல்டர்நேட்டர் | ஒத்துவராது | ஒத்துவரும் | ஒத்துவரும் | கவலையில்லை |
| வாரநாள் வேலை | இடம் அடைக்கும் | பிளக் வைத்தால் கழற்றலாம் | இறக்கி வைக்கலாம் | கூரையில் கிடக்கும் |
| மறைந்த செலவு | அடிக்கடி புதுப் பேட்டரி | வயர், கூலி | சூடு, திருட்டு, சர்வீஸ் | ராக், நிழல் |

## யாருக்கு எது

ஓய்வு பெற்ற தம்பதி, மாதம் ஒரு முறையாவது கிளம்புகிறவர்கள், மருந்துக்கு ஃபிரிட்ஜ் வேண்டும் என்கிறவர்கள்: இரண்டாவது வழி, யோசிக்க வேண்டாம். தங்குவது நீண்டால் சோலார் சேருங்கள். வேலை வண்டி வைத்திருக்கும் தம்பிகள்: மூன்றாவது. பழைய வண்டி, கையைக் கடிக்காத செலவு, ஐஸ் பெட்டியே போதும் என்கிறவர்கள்: முதலாவது, தடித்த வயரோடு. முகாமிடங்களில் கரண்டு கொடுக்கிற இடமாகவே தேடிப் போகிறவருக்கு இந்த நான்குமே அதிகச் செலவு. கரண்டு கசிந்தால் அணைத்துவிடுகிற ஈ.எல்.சி.பி. வைத்த நல்ல எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று போதும், மழையில் பிளக் தரையில் கிடக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

ஐந்தாவதாக ஒரு வழியைப் பலர் மனதுக்குள் வைத்திருக்கிறார்கள். பேட்டரி இறங்கினால் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே படுத்துவிடலாம் என்பது. அது கூடவே கூடாது. 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் மானியத்தை எடுத்து லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 ஆனபோதே அந்தக் கணக்கு கட்டுப்படியாகாமல் போனது. காசைவிடப் பெரிய காரணம் புகை. சைலென்சர் வாய் பின்பக்கம், டெயில்கேட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காற்றுக்காகக் கண்ணாடியையோ டெயில்கேட்டையோ கொஞ்சம் திறந்துவைத்து, நின்ற இடத்தில் எஞ்சின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்து சேரும். அதற்கு வாசனை கிடையாது, தூங்குகிறவருக்குத் தெரியவும் தெரியாது. பேட்டரியில் இயங்குகிற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கிப் படுக்கிற உயரத்தில் மாட்டுங்கள். பக்கத்தில் இன்னொருவர் ஜெனரேட்டர் ஓட்டுகிற இரவிலும் அது வேலை செய்யும்.

வயரிங் முடிந்து வண்டியை எடுக்கப் போகும்போது கையில் மல்டிமீட்டர் இருக்கட்டும். எஞ்சினை ஓடவிட்டு, பின்னால் ஃபிரிட்ஜையும் ஃபேனையும் போட்டு, முன் பேட்டரியில் ஒரு முறை, பம்பர் பிளக்கில் ஒரு முறை அளந்து பாருங்கள். முக்கால் வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காசு கொடுக்கும் முன்பே கடை முதலாளி தவுக்கேயைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அப்புறம் டெயில்கேட்டைப் பத்து முறை திறந்து மூடி, கீல் பக்கத்து வயர் எங்கேயாவது நசுங்குகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.